கட்டாத படகைக் காட்டும் தொழில்

படகு வேண்டும் என்று வருபவரிடம் நான் முதலில் நீளம் கேட்பதில்லை. காலையில் எழுந்து காபி போடுவது யார், அவருக்கு வலது கைப் பழக்கமா இடது கையா, முழங்கால் வலி யாருக்காவது உண்டா, பேரப்பிள்ளைகள் கூட வருவார்களா, அலை எழும்பினால் யாருக்குக் குமட்டும் என்றெல்லாம்தான் கேட்பேன். சிலருக்குப் பொறுமை போய்விடும். அறுபது அடி, எண்பது அடி என்று ஓர் எண்ணைப் பல வருடமாக மனதில் சுமந்து வந்தவர்கள் அவர்கள். ஆனால் நீளம் என்பது இத்தனை கேள்விகளுக்கும் பதில் கிடைத்தபின் தானாக வந்து நிற்கும் எண். அதை முதலிலேயே எழுதிவிட்டால், மற்ற எல்லாவற்றையும் அதற்குள் திணிக்க வேண்டிவரும்.

தூத்துக்குடியில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டுமானப் பொறியியல் படித்து, சவுத்தாம்டனில் படகு வடிவமைப்பு பயின்று, இங்கிலாந்தின் தென்கரையில் லிமிங்டன் என்ற சிற்றூரில் தங்கிவிட்டவன் நான். எதிரே ஒயிட் தீவு. நடுவில் சொலண்ட் நீரிணை. எங்கள் அலுவலகம் தனியொருவருக்கென ஒரே ஒருமுறை கட்டப்படும் யாட்களை வடிவமைக்கிறது. அச்சில் வார்த்து வரிசையாக விற்கும் படகுகள் எங்களிடம் இல்லை. கட்டுவதும் நாங்கள் அல்ல. நெதர்லாந்திலோ துருக்கியிலோ இத்தாலியிலோ உள்ள தளங்கள் கட்டும். இன்னும் இல்லாத ஒரு படகை அதன் சொந்தக்காரருக்குக் காட்டி, அவர் மனம் ஒப்பியபின் அதைக் கட்டுபவர் கையில் ஒப்படைப்பது எங்கள் வேலை. காட்டிய படகும் கட்டிய படகும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலின் நாணயம் அதில்தான் இருக்கிறது.

ஒரு ஸ்காட்லாந்துத் தம்பதியின் படகைச் சொல்கிறேன். கணவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். மனைவி பள்ளியில் இசை கற்பித்தவர். குளிர்காலத்தைப் பஹாமாஸ் தீவுகளிலும் வசந்தத்தை அமெரிக்கக் கிழக்குக் கரையிலும் கழிக்க வேண்டும், மாலுமி வைத்துக்கொள்ளாமல் இருவரே ஓட்ட வேண்டும் என்றார்கள். இவ்வளவு சொன்னதுமே பாதிப் படகு வந்துவிட்டது. பஹாமாஸில் கடல் ஆழம் குறைவு. ஆகவே படகு நீருக்குள் இறங்கும் ஆழம் இரண்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. அமெரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டிச் செல்லும் உள்நாட்டு நீர்வழியில், திறந்து மூடாத பாலங்களின் பொதுவான உயரம் 65 அடி, அதாவது 19.8 மீட்டர். பாய்மரமும் அதன் உச்சியில் நிற்கும் வானொலிக் கம்பியும் சேர்ந்து அதற்குக் கீழே புகுந்து வர வேண்டும். அவர்கள் கேட்ட வசதிகளுக்கு 17 மீட்டர் நீளம் தேவைப்பட்டது. அந்த நீளத்துக்கு ஒற்றைப் பாய்மரம் வைத்தால், போதிய பாய் விரிக்க அது பாலத்தைவிட உயர்ந்துவிடும். பாயை இரண்டு மரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கெட்ச் அமைப்புதான் வழி.

அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "இரண்டு மரம் வைத்தால் என் தாத்தா காலத்துப் படகு மாதிரி இருக்குமே" என்றார். நான் வாதாடவில்லை. ஒரே தாளில் பாலத்தை அளவுக்கு வரைந்தேன். ஓதம் ஏறிய நேரத்து நீர்மட்டத்தைக் கோடிட்டேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒற்றை மரப் படகு நிற்கிறது. அந்தப் பக்கம் இரட்டை மரப் படகு போய்க்கொண்டிருக்கிறது. பென்சில் கோடுதான், வண்ணம் இல்லை, நிழல் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, இரண்டு மரம் இருக்கட்டும். ஆனால் பின்மரம் என் படுக்கை நடுவே வந்து நிற்கக் கூடாது" என்றார். அடுத்த படத்துக்கு அது வேலை ஆயிற்று.

படம் எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால் இந்தத் தாளைத்தான் காட்டுவேன். வாடிக்கையாளரை மயக்குவதற்காக நாங்கள் வரைவதில்லை. அவர் ஒரு முடிவெடுக்க வேண்டும், அதற்காக வரைகிறோம். எந்த முடிவுக்கு எந்தப் படம் போதும் என்று அறிவது வடிவமைப்பாளரின் முக்கியமான திறமை. தொடக்கத்தில் ஒன்றுக்கு ஐம்பது அளவில் படியெடுக்கும் மெல்லிய தாளில் வரைவேன். 17 மீட்டர் படகு அந்த அளவில் 34 செ.மீ.; ஏ3 தாளில் அடங்கும். அறைகளை வட்டங்களாகப் போட்டு, ஒரு தாள்மேல் இன்னொன்றை வைத்து நகர்த்திப் பார்ப்பேன். வாடிக்கையாளரும் பென்சில் எடுத்துக் கோடு போடுவார். பென்சில் படத்தைத் திருத்த யாரும் தயங்குவதில்லை. பளபளக்கும் வண்ணப்படத்தை வைத்தால் அது முடிந்துபோன படகாகத் தெரியும். மனதில் உள்ளதைச் சொல்லத் தயங்குவார்கள், அல்லது மாற்றியே தீர வேண்டிய ஒன்றின்மேல் ஆசை வைத்துவிடுவார்கள். அதனால் எங்கள் அலுவலகத்தில் எடைக் கணக்கு ஒரு சுற்று முடியாமல் வண்ணப்படம் வெளியே போகாது.

எடைக் கணக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியில் யாரும் பேசாத பகுதி அது. படகில் ஏறும் ஒவ்வொரு பொருளும் ஒரு வரி: அதன் எடை, நீளவாக்கில் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது. இயந்திரம், பேட்டரி, நங்கூரச் சங்கிலி, மெத்தை, பெயிண்ட், பசை, கம்பி வரை. கல்யாண வீட்டுச் செலவு மாதிரி, பெரிய தொகைகள் எல்லாருக்கும் தெரியும். கணக்கை ஏற்றுவது சில்லறைதான். 12 மில்லிமீட்டர் தேக்குப் பலகை மேல்தளத்தில் ஒட்டினால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ. 40 சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல், அதுவும் படகின் உயரமான இடத்தில். ஸ்காட்லாந்துத் தம்பதியின் படகு ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக மூழ்க ஏறக்குறைய 450 கிலோ போதும். மேலே ஏறும் எடை மூழ்கச் செய்வதோடு நிற்பதில்லை. காற்றில் சாய்ந்த படகு நிமிர்ந்து எழும் வலுவையும் குறைக்கிறது.

இந்த இடத்தில் படம் பொய் சொல்ல வல்லது. 40 மீட்டர் மோட்டார் யாட் ஒன்றில், மேல்தளக் குளியலறையைச் சலவைக்கல்லால் இழைக்க வேண்டும் என்றார் உரிமையாளர். 20 மில்லிமீட்டர் கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ. தரையும் சுவருமாகச் சேர்ந்தால் இரண்டு டன்னைத் தொடும். அதே கல்லை 5 மில்லிமீட்டராகச் சீவி, தேன்கூட்டு அமைப்புள்ள அலுமினியப் பலகையில் ஒட்டினால் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும். கணினி வரையும் படத்தில் இரண்டுக்கும் ஓர் இழை வித்தியாசம் இல்லை. எது கட்டப்படப்போகிறது என்று தெரிந்தவர் படத்தோடு எடையையும் சொல்ல வேண்டும். நாங்கள் உள்ளறைப் படங்களின் ஓரத்தில் அந்தத் தேர்வு எத்தனை கிலோ கூட்டுகிறது, எத்தனை குறைக்கிறது என்று எழுதிக் கொடுப்போம். வாடிக்கையாளர்கள் முதலில் வியப்பார்கள். பிறகு அவர்களே, "இந்த மேசை எவ்வளவு?" என்று கேட்பார்கள், விலையை நினைத்து அல்ல.

படகின் உடலை வரைவது வேறு உலகம். முன்பு மூன்று பார்வைகளில் வரைவார்கள்: பக்கவாட்டில், மேலிருந்து, குறுக்கே வெட்டி. நீளமான வளையும் சட்டத்தைத் தாளில் வைத்து, அது விரும்பிய வளைவில் நிற்கும்படி ஈயக் கட்டிகளால் அழுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். ஒரு பார்வையில் ஒரு புள்ளியை நகர்த்தினால் மற்ற இரண்டிலும் நகர்த்த வேண்டும். சவுத்தாம்டனில் இந்த முறையில் வரையக் கற்றுக்கொண்டேன். இன்று ரைனோ, மேக்ஸ்சர்ஃப் போன்ற மென்பொருள்களில் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை இழுத்தால் பரப்பு முழுவதும் கூடவே வளைகிறது. மிதப்பும் மையமும் உடனே தெரிகின்றன. ஆனால் திரையில் 17 மீட்டர் படகு அரை மீட்டருக்குச் சுருங்கிக் கிடக்கிறது. மூன்று மில்லிமீட்டர் மேடு அதில் தெரியாது. கருநீலப் பெயிண்ட் அடித்துத் துறைமுகத்தில் நிறுத்தினால், நீரின் ஒளி அதில் பட்டு அந்த மேடு ஊருக்கே தெரியும். ஆகவே பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பிரதிபலிப்பதாக வைத்துப் பார்க்கிறோம். பட்டை எங்கே நெளிகிறதோ அங்கே பரப்பில் குறை இருக்கிறது.

மேல்விளிம்புக் கோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அணியத்திலிருந்து பின்பகுதி வரை ஓடும் இந்தக் கோடுதான் படகுக்கு முகம். பக்கவாட்டுப் படத்தில் நயமாக இறங்கி ஏறும் அதே கோடு, துறைமுக மேடையில் நின்று முன்புறமாகப் பார்க்கும்போது அணியத்தருகே புடைத்துத் தெரியலாம். படகு அங்கே உள்நோக்கி வளைவதும் பக்கச் சுவர் வெளியே விரிவதும் சேர்ந்து கண்ணை ஏமாற்றுகின்றன. பக்கவாட்டுப் படம் என்பது யாரும் எந்த நாளும் பார்க்காத காட்சி. கரையில் நிற்பவர் கண்ணிலிருந்தும், சிறு தோணியில் நெருங்கி வருபவர் கண்ணிலிருந்தும் பார்த்துத்தான் அந்தக் கோட்டை நான் முடிவு செய்வேன்.

படகைக் காட்டுவதில் இன்றுவரை மிஞ்ச முடியாத ஒரு முறை அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், பிரிஸ்டல் என்ற ஊரில் இருந்தது. நத்தானியல் ஹெரஷாஃப் என்ற மேதை படகுகளைத் தாளில் தொடங்கவில்லை. படகின் ஒரு பாதியை மட்டும் மரத்தில் செதுக்குவார். அந்தப் பாதி மாதிரியிலிருந்து அளவெடுத்துப் படகைக் கட்டுவார்கள். 1878-இல் அவரும் அண்ணன் ஜான் பிரவுன் ஹெரஷாஃபும் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார்கள். அண்ணன் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர். வாடிக்கையாளர்களிடம் பேசி விலை முடிப்பது அவர் பொறுப்பு. தம்பி செதுக்கிய மாதிரியை விரல்களால் தடவியே படகின் குணத்தைச் சொல்வார். 1893 முதல் 1920 வரை அமெரிக்கக் கோப்பை என்னும் பாய்மரப் படகுப் பந்தயப் பரிசைக் காத்த படகுகள் அந்தத் தளத்தில் இறங்கியவை. மாதிரிகள் பல இன்னும் பிரிஸ்டலில் உள்ள அருங்காட்சியகத்தில் சுவரில் இருக்கின்றன. காட்டியதற்கும் கட்டியதற்கும் அங்கே இடைவெளியே இல்லை. வாடிக்கையாளர் கையில் ஏந்திப் பார்த்த மரத்திலிருந்தே அளவு எடுக்கப்பட்டது. எங்கள் அலுவலகத்திலும் உடலின் வடிவம் முடிவானதும் ஒரு பாதி மாதிரி செய்து தருகிறோம், எந்திரத்தில் வெட்டித்தான். கணினித் திரையின் முன் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் கையில் வாங்கியதும் பேசத் தொடங்குகிறார்கள்.

படத்தின் ஆட்சி யாட் உலகத்துக்கு வந்தது பிறகுதான். லண்டனில் இயங்கிய ஆஸ்திரேலியர் ஜான் பேனன்பர்க் அதில் முன்னோடி. கப்பல் பொறியாளர் அல்லாத ஒருவர் யாட்டின் வெளித்தோற்றத்தையும் உள்ளறைகளையும் முழுமையாக வரைந்து கொடுப்பது என்ற வழக்கத்துக்கு அவர் உயிர் கொடுத்தார். ஜெர்மனியின் லூர்சன் தளத்தில் 1973-இல் இறங்கிய கரின்தியா-6 இன்றும் இளம் வடிவமைப்பாளர்கள் பார்த்துப் படிக்கும் படகு. அன்று தொடங்கிப் பெரிய யாட்களில் வேலை மூன்றாகப் பிரிந்தது: வெளித்தோற்றம் ஒருவர், உள்ளறை ஒருவர், மிதப்பதற்கும் நிமிர்வதற்கும் பொறுப்பு கப்பல் பொறியாளர். மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நல்ல படகு வரும். தோற்றம் வரைபவர் முதலில் படத்தை வாடிக்கையாளருக்கு விற்றுவிட்டு, பொறியாளரிடம் "இதை மிதக்க வை" என்று கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட வேலைகளை நாங்கள் இப்போது ஏற்பதில்லை.

வண்ணப்படம் போடும் கட்டம் வந்ததும் சில ஒழுங்குகளை விடாமல் வைத்திருக்கிறோம். பார்க்கும் கண்ணின் உயரம் அந்த வாடிக்கையாளரின் கண் உயரமாகவே இருக்க வேண்டும்; மனைவி குட்டையானவர் என்றால் அவருக்குத் தனிப் படம். அகலக் கோண லென்ஸ் வைத்து அறையைப் பெரிதாக்கக் கூடாது. வீட்டு மனை விளம்பரங்களில் இரண்டு மீட்டர் அறை மண்டபமாகத் தெரிவது இப்படித்தான். அறை முழுவதும் ஒரே படத்தில் அடங்கவில்லை என்றால் இரண்டு படம் போடுவோம். எல்லாப் படத்திலும் அந்திச் சூரியன் இருக்கக் கூடாது. மேகமூட்டமான பகலில் ஒன்றாவது வேண்டும். மின்விளக்கு இல்லாமல் அந்த அறை எவ்வளவு இருட்டு என்பது அதில்தான் தெரியும்.

இத்தனைக்குப் பிறகும் இடுக்கமான இடத்தைப் படத்தால் உணர்த்த முடியாது. அதற்கு ஒட்டுப்பலகையும் அட்டையும் வைத்து முழு அளவில் கட்டிக் காட்டுவதுதான் வழி. ஸ்காட்லாந்துத் தம்பதியின் சமையலறையை ஒரு கொட்டகையில் அப்படிக் கட்டினோம். அம்மா உள்ளே நின்று பார்த்து "நன்றாக இருக்கிறது" என்றார். பிறகு மேடையின் ஒரு பக்கத்தை ஏறக்குறைய 80 செ.மீ. தூக்கி, இருபது பாகைச் சாய்வில் நிறுத்தினோம். காற்றடிக்கும் கடலில் அந்தப் படகு மணிக்கணக்காக அப்படித்தான் ஓடும். அவர் கையில் நீர் நிரம்பிய ஒரு பாத்திரத்தைக் கொடுத்து, அடுப்பில் வையுங்கள் என்றேன். ஓர் அடி வைத்தவர் நின்றுவிட்டார். "என் இடுப்பு எதில் சாய்வது?" என்று கேட்டார். நீளவாக்கில் சுவரோரமாக இருந்த சமையல் மேடையை அன்றே கைவிட்டு, மூன்று பக்கமும் சூழ்ந்த அமைப்புக்கு மாறினோம். எந்தப் பக்கம் படகு சாய்ந்தாலும் உடம்பு தாங்க ஓர் இடம் இருக்கும். இந்த மாற்றம் கொட்டகையில் ஒரு நாள் வேலை. படகில் கட்டியபின் செய்திருந்தால் மரவேலை, குழாய், மின்கம்பி என்று பல வாரங்கள் போயிருக்கும்.

கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் கருவியையும் பயன்படுத்துகிறோம்; குறிப்பிட்ட ஒரு வேலைக்கு அது நல்லது. அந்த 40 மீட்டர் யாட்டின் உரிமையாளர் அதை மாட்டிக்கொண்டு பின்தளத்துச் சோபாவில் உட்காரும் உயரத்துக்கு வந்ததும், "கடல் எங்கே?" என்றார். பெரிய யாட்களுக்கான பிரிட்டிஷ் விதிகள் தள ஓரத் தடுப்புக்குப் பொதுவாக ஒரு மீட்டர் உயரம் கேட்கின்றன. தாழ்ந்த சோபாவில் உட்காருபவருக்கு அடிவானம் தெரியும். அருகிலுள்ள நீர் தெரியாது. நின்றவர் கண்ணிலிருந்து வரைந்த எந்தப் படத்திலும் இந்தக் குறை தலைகாட்டவில்லை. உட்காரும் மேடையைக் கொஞ்சம் உயர்த்தி, தடுப்பின் ஒரு பகுதியைக் கண்ணாடியாக்கினோம்.

அதே உரிமையாளர் பின்னர் திறந்த தாழ்வாரம் ஒன்றைக் கண்ணாடியால் மூட விரும்பினார். மூடிய இடமெல்லாம் யாட்டின் மொத்த டன் கணக்கில் சேரும். அந்தக் கணக்கு எடையை அளப்பதல்ல, மூடிய கொள்ளளவை. 500 டன்னைத் தாண்டினால் தீப் பாதுகாப்பு முதல் மாலுமிகளின் தகுதி வரை கடுமையான விதிகள் வந்துவிடும். ஏறக்குறைய 1,880 கன மீட்டரில் அந்த எல்லை நிற்கிறது. நாங்கள் அதை ஒட்டியே இருந்தோம். படத்தில் நான்கு கண்ணாடி, நடைமுறையில் வேறொரு வகைக் கப்பல். எண்ணைச் சொன்னதும் தாழ்வாரம் திறந்தபடியே இருக்கட்டும் என்றார்.

அண்மைக் காலமாகச் செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களோடு வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். சட்டம் நிற்க வேண்டிய இடத்தில் ஜன்னல் இருக்கும். நங்கூரம் இறங்க வழி இருக்காது. நான் அவற்றை ஒதுக்குவதில்லை. சொல்லத் தெரியாத ஆசையை அவர் காட்டுகிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். "இதில் உங்களுக்கு எது பிடித்தது?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் வெளிச்சம், அல்லது நீருக்கு அருகில் இருக்கும் உணர்வு. அந்த இரண்டையும் நேர்மையாகக் கொடுக்க வழி உண்டு.

வாடிக்கையாளர்களில் மிக அரிதானவர், கடலை நன்றாக அறிந்து வருபவர். அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அப்படிப்பட்டவர். 32 அடி கெட்ச் படகு ஒன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். பின்னர் இலங்கையின் வல்வெட்டித்துறையில் தமிழர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச்சென்று 1938-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். ராபின்சன் அதே மாநிலத்தில் சொந்தமாகப் படகுத்தளமும் நடத்தினார். தன் கனவுப் படகான வருவாவை, 1937-இன் புகழ்பெற்ற ரேஞ்சர் பந்தயப் படகின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஸ்டார்லிங் பர்ஜெஸோடு சேர்ந்து உருவாக்கி, 1942-இல் கடலில் இறக்கினார். வீடாகவும் கப்பலாகவும் அதிலே பல்லாண்டு வாழ்ந்தார். தனக்கு என்ன வேண்டும் என்பதைக் கடலில் கற்ற ஒருவரும், அதைக் கோடுகளாக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் அறிந்த நல்ல சான்று வருவா.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று. கையெழுத்தாகும் ஆவணக் கட்டில் பொது அமைப்பு வரைபடமும் விவரக் குறிப்பும் இருக்கும். வண்ணப்படங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் சேராது. ஆனால் உரிமையாளர் இரண்டு மூன்று வருடம் சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது வண்ணப்படத்தை. ஆகவே விவரக் குறிப்பு மாறும்போதெல்லாம் படத்தையும் மாற்றி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இதற்கு யாரும் காசு தருவதில்லை. இருந்தாலும் செய்ய வேண்டும்.

சென்னையிலும் கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் கட்டுமானம் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர் எனக்கு எழுதுகிறார்கள், எந்த மென்பொருள் கற்க வேண்டும் என்று கேட்டு. ரைனோவை ஆறு மாதத்தில் கற்றுவிடலாம், தயங்க வேண்டாம். அதற்கு முன் பென்சிலால் அளவுக்கு வரையப் பழகுங்கள். சொந்தமாக ஓர் எடைக் கணக்கை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போட்டுப் பாருங்கள். விடுமுறையில் தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடலுக்குப் போகும் படகு ஒன்றில் ஏறி, அது சாயும்போது உங்கள் கால் எங்கே ஊன்றுகிறது என்று கவனியுங்கள். இந்த மூன்றும் கைவந்தபின் எழுதுங்கள். பதில் போடுகிறேன்.